அடித்தகட்டுக்குக் கீழே

ஒக்டோபர் 2, திங்கள்

சிவமயம்.

இன்று ஏபியிடம் வேலைக்குப் போனேன். வால்ட்டர் ஏபி வியாழக்கிழமை தவறாமல் என் வீட்டுக்காரர் இவர் சமைக்கும் உணவகத்துக்கு வந்து பிட்டும் ஆட்டுக்கறியும் சாப்பிடுகிற மனிதர். உணவகத்தின் சாமான் இருப்பை வீட்டிலிருந்தபடி நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அந்தக் கொப்பியை அவர் கண்டிருக்கிறார். "இதை எழுதினவரை எனக்குத் தாரும்" என்று கேட்டாராம், கொத்தமல்லித்தூள் கேட்பது போல. என்ன வேலை என்பதை இவர் நேற்றுப் பின்னேரம்தான் வாய் திறந்து சொன்னார். சொல்லிவிட்டு ஒரு பகிடியும் விட்டார். அதை எழுதத் தேவையில்லை.

சுவிஸ் இராணுவம் கழித்துவிட்ட பழைய துவக்குகளை, நீளத் துப்பாக்கிகளை, ஏபி வாங்குகிறார், சேகரிப்பாளர்களுக்கு விற்கிறார். விற்குமுன் ஒவ்வொன்றையும் பார்த்துத் தரம் பிரித்து, நிலைத்தாள் என்று ஒரு பத்திரம் நிரப்ப வேண்டும். முன்பு அதை நிரப்பிய சுவிஸ் அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். இடம், ஒரு காலத்தில் பாலாடைக்கட்டி பழுக்க வைத்த நிலவறை. துவக்கெண்ணெயையும் மீறி அந்தப் புளித்த வாடை இன்னும் நிற்கிறது.

ஏபி முதல் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடி எடுக்கத் திரும்பினார். அவர் திரும்பி வருவதற்குள் நான் பூட்டை இழுத்துத் திறந்து, உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்த்து, சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்து, குழாய் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். இது திருப்பாமல் நேரே பின்னுக்கு இழுக்கிற பூட்டு. எனக்குப் புதிது.

"யார் சொல்லித் தந்தது, ஃபிராவ் குலேந்திரன்?"

"இன்டர்நெட்டில் பார்த்தேன்."

"நல்லது" என்றார். மேலே கேட்கவில்லை.

வரும் வழியில் கற்பூரம், வெண்டிக்காய். மூன்று மாதம் தவணை பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவாராம்.

ஒக்டோபர் 4, புதன்

படித்தவை, மறக்காமலிருக்க:

முதலில் இலக்கம். குழாய், உடல், பூட்டு, குண்டுக்கூடு நாலிலும் ஒரே இலக்கம் இருந்தால்தான் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று பொருள். ஒன்று மாறினாலும் கீழே இறங்கும். பிறகு குழாயின் உள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் வரிகள் வெள்ளிக் கம்பி மாதிரிச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். புள்ளி புள்ளியாய்க் கறுத்திருந்தால் துரு தின்றது. வாய்ப்பக்கம் அளவுக்கோல் விட்டுத் தேய்மானம் பார்க்க வேண்டும். பிறகு உலோகத்தின் கருநீலப் பூச்சு, பிறகு மரம். இதிலே வாதுமை மரம் ஒரு வகை, பீச் மரம் ஒரு வகை. அடிப்பாகம் எல்லாத் துவக்கிலும் எலி கறம்பியது போலக் கிடக்கிறது. பனியில் குத்தி நிறுத்தியதாலும் ஆணிச் சப்பாத்து பட்டதாலும் வந்ததாம். அது குறை இல்லை, அது வயது.

ஏபியின் கடையில் நாலு தரம். முதலாந் தரம் அருமையாகத்தான் கிடைக்கும்.

பெரிய சட்டம்: துடைக்கலாம், தேய்க்கக் கூடாது. மணற்கடதாசி போட்டு உரைத்த மரமும், புதுப்பூச்சு அடித்த இரும்பும் எவ்வளவு மினுங்கினாலும் நாலாந் தரம். "வடு விலை குறைக்காது. மறைத்த வடுதான் குறைக்கும்" என்றார். பித்தளை எண்ணெய்க் குப்பிகள் கறுத்துக் கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டு விளக்கித் தரட்டுமா என்று கேட்டேன். மனிசன் நெஞ்சில் கை வைத்துவிட்டார்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

காலையில் கோயில். வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சாம்பவி சொன்னாள்.

"அம்மா, அப்பா, ஒரு விசயம் கதைக்கோணும். நான் ஆமிக்குப் போகப்போறன்."

இவருடைய கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எந்த ஆமிக்கு?"

"இஞ்சத்த ஆமிக்குத்தான். வேற எந்த ஆமி இருக்கு எனக்கு?"

அவள் இங்கே பிறந்தவள். அவளுக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். பெண்களுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் போகலாமாம். முதியோர் இல்லத்தில் தாதி வேலை பார்க்கிறவள், மருத்துவப் பிரிவைக் கேட்கப் போகிறாளாம். டிசம்பர் ஐந்திலும் ஆறிலும் தெரிவு நடக்கும். எடுபட்டால் வருகிற கோடையில் பயிற்சி.

"காயக்காரரைப் பாக்கிறதெண்டால் ஆஸ்பத்திரியில பாரன்" என்றேன். "துவக்கும் தருவாங்களோ?"

"எல்லாருக்கும் தருவினம். பழகத்தானே வேணும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"சாமி அறை இருக்கிற வீடு. துவக்கு உள்ளுக்கு வரப்படாது."

"நீங்கள் மட்டும் நாள் முழுக்கத் துவக்குத் துடைச்சுப்போட்டு அந்தக் கையால சாமிக்குப் பூ வைக்கிறியள்!"

இவர் சிரித்துவிட்டார். நான் பார்த்ததும் நிறுத்தினார்.

சாம்பவி கோபப்படவில்லை. அதுதான் அவளிடம் கஷ்டம். "அம்மா, நீங்கள் சின்னனில ஒரு தண்ணித் துவக்குக்கூட வாங்கித் தரேல்லை. நான் ஏனெண்டு கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். தெரிவுக்குப் போக முன்னம் எனக்கு ஒரேயொரு உண்மையான காரணம் சொல்லுங்கோ. சொன்னால் நான் போகேல்லை. சத்தியமா."

சோறு ஆறிவிட்டது. மீன் குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.

ஒக்டோபர் 12, வியாழன்

வலது கால் இந்தக் குளிருக்கே தொடங்கிவிட்டது. மருத்துவர் எம்.ஆர்.ஐ. என்கிற காந்தப் படம் எடுக்க வேண்டும் என்றார். எடுக்க முடியாது, உள்ளே சின்ன இரும்பு இருக்கிறது என்றேன். எப்படி என்று கேட்டார். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது என்றேன். எழுதிக்கொண்டார். வைத்தியச் சொற்களை மொழிபெயர்க்கச் சாம்பவி கூட வந்திருந்தாள். பேருந்தில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி, "கிணத்தடியில விழுந்தால் முழங்கால் உடையும்" என்றாள்.

வலிக்குப் பூசும் களிம்பு ஒன்று.

ஒக்டோபர் 17, செவ்வாய்

நவராத்திரி மூன்றாம் நாள். கடலை அவித்தேன்.

இன்று ஏபி அடித்தகட்டைக் கழற்றக் காட்டித் தந்தார். துவக்கின் அடிக்கட்டையின் முனையில், தோளோடு பொருந்துகிற இடத்தில், ஓர் இரும்புத் தகடு இருக்கும். இரண்டு திருகாணிகள். அதைக் கழற்றினால் சிலவற்றில் மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மடித்த சிறு கடதாசித் துண்டு இருக்கும். துவக்கை வைத்திருந்தவன் தன் பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு, வீட்டு விலாசம் எல்லாம் எழுதி வைத்தது. இங்கே பயிற்சி முடிந்த ஆள் துவக்கோடு வீட்டுக்குப் போய்விடுவானாம். அலுமாரிக்குள் உடுப்புகளோடு நிற்குமாம். தொலைந்தால் திரும்பி வர வேண்டும் என்றுதான் விலாசம்.

இன்று திறந்ததில் ஒருவன் பெயர் இருந்தது. பிறந்தது 1921. ஏதோ மலைக் கிராமத்துப் பாற்பண்ணை. எழுத்து உருண்டையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து.

"சொந்தப் பேரா?" என்று கேட்டேன்.

ஏபிக்குக் கேள்வி விளங்கவில்லை. "வேறு யாருடைய பேரை எழுதுவான்?"

துண்டைப் படமெடுத்து, அதே மடிப்பில் அதே இடத்தில் வைத்து, தகட்டைப் பூட்டினோம். எடுத்து வைத்திருப்பதும் இன்னொன்றில் மாற்றி வைப்பதும் களவு என்றார்.

ஒக்டோபர் 23, திங்கள்

சரஸ்வதி பூசை, ஆயுத பூசை. வீட்டில் காலையிலேயே முடித்தேன். சாம்பவியின் புத்தகங்கள், இவருடைய கத்திகள், என் தையல் மெசின், கணக்குக் கொப்பிகள்.

வேலைக்கும் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். வேலை தருகிற இடத்தைச் சும்மா விடக் கூடாது. ஏபி வங்கிக்குப் போயிருந்தார். திருகாணி கழற்றும் திருப்புளிகள், அளவுக்கோல், படமெடுக்கிற கமரா, தராசு, எல்லாவற்றுக்கும் பொட்டு. மேசையில் ஒரு துவக்கு இருந்தது. வாதுமை மரம், நாலு இலக்கமும் ஒன்று, குழாய் கண்ணாடி மாதிரி. ஏபி அதை முதலாந் தரம் என்று வாயால் சொல்லியிருந்தார், தாள்தான் பாக்கி. அதற்கும் வைத்தேன். கை தன் பாட்டில் போயிற்று. கன்னம் படுகிற இடத்தில் வைத்தேன். அந்த இடத்தில் வைப்பதுதான் வழக்கம்.

தேங்காய் வீட்டில் உடைத்தது. முற்றிய நல்ல காய்.

ஒக்டோபர் 24, செவ்வாய்

சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமம் எண்ணெய் ஊறிய மரத்துக்குள் இறங்கிவிட்டது. பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன். தேய்க்கக் கூடாது. கைவிரல் நகம் அளவு சிவப்பு.

ஏபி நாளை வருவார்.

ஒக்டோபர் 25, புதன்

தாளில் 'மரம்' என்ற இடத்தில் எழுதினேன்: அடிக்கட்டையின் இடப்பக்கம் சிவப்புக் கறை, காரணம் தெரியாது. எழுதி முடிக்கவும் ஏபி வந்துவிட்டார். துவக்கைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சுவர்ப்பக்கமிருந்த திருப்புளிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு இருந்தது.

"ஃபிராவ் குலேந்திரன், இது என்ன?"

சொன்னேன். வருடத்தில் ஒரு நாள் கருவிகளுக்குப் பூசை செய்வோம், அதிலே இதுவும் சேர்ந்துவிட்டது என்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து துவக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கள் ஊரில் மலைக்கு ஏற்றுகிற மாட்டைப் பாதிரியார் ஆசீர்வதிப்பார். மாடு கழுவினால் வெளுக்கும்" என்றார். பிறகு பேனையை என் பக்கம் தள்ளினார். "கறை பெரிசில்லை. இந்தச் சொல்தான் பெரிசு. தெரியாது என்பது தெரியாததுக்கு மட்டும். நீர் அறிந்ததைத் தெரியாது என்று எழுதினால், என் தாள் எல்லாம் பொய்த் தாள்."

புதுத் தாள் எடுத்து எழுதினேன்: குங்குமம். வழிபாட்டுக்காக இட்டது. ஒக்டோபர் 23. இட்டவர் இந்தத் தாளை எழுதுபவர். கையெழுத்துப் போட்டேன். தரம் இரண்டு.

போகும்போது கதவடியில் நின்று கேட்டார். "ஏன் சரியாகக் கன்னம் வைக்கிற இடத்தில்?"

பேருந்து வந்துவிட்டது.

நவம்பர் 3, வெள்ளி

லட்சுமி விளக்கு. வெங்காயம் விலை ஏறிவிட்டது. சாம்பவி ஓடத் தொடங்கியிருக்கிறாள், வேலை முடிந்து ஆற்றங்கரையால். வியர்வையோடு வந்து என் முன்னால் நின்று தண்ணீர் குடிக்கிறாள். முன்னால் நின்றுதான் குடிக்கிறாள்.

நவம்பர் 5, ஞாயிறு

இவரிடம் கதைத்தேன். அவள் வேலையில்.

"நீங்கள் சொன்னால் கேப்பாள். வேண்டாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"நான் என்னத்தைச் சொல்ல? அவள் கேட்டது காரணம். காரணம் என்னட்டை இல்லை, உம்மட்டை இருக்கு."

"நான் சொல்லமாட்டன்."

"அப்ப நானும் சொல்லமாட்டன். இருபத்திரண்டு வருசமாச் சொல்லேல்லை, இனிச் சொல்லப்போறனோ? ஆனால் இஞ்சாரும். அந்த இல்லத்திலை கிழவர்களைத் தூக்கித் திருப்புற அந்தத் தோள் அவளுக்கு உம்மட்டையிருந்து வந்ததுதானே. என்ரை தோளைப் பாரும். உள்ளி உரிக்கத்தான் சரி."

சிரிப்பு வந்தது. சிரித்ததால் மேலே கதைக்க முடியவில்லை.

நவம்பர் 9, வியாழன்

இன்று ஒரு துவக்கின் அடித்தகட்டுக்குக் கீழே இரண்டு துண்டுகள். மேலே இருந்தவன் 1938இல் பிறந்தவன், தபாற்காரன். அதைத் தூக்கினால் கீழே இன்னொன்று, 1915, தச்சன். முதல் ஆள் திருப்பிக் கொடுத்த துவக்கு இரண்டாவது ஆளுக்குப் போயிருக்கிறது. அவன் பழைய பெயரை எறியாமல் தன்னுடையதை மேலே வைத்துத் தகட்டைப் பூட்டியிருக்கிறான்.

"எறிந்திருக்கலாமே" என்றேன்.

"எறியலாம். நிறையப் பேர் எறிந்தார்கள்." ஏபி இரண்டையும் படமெடுத்தார். "இரண்டும் இருக்கட்டும். ஒழுங்கு மட்டும் மாறக் கூடாது. கீழே இருந்தது கீழே."

நானே திரும்ப வைத்துப் பூட்டினேன். வேலை நிரந்தரம் என்று சொன்னார், தவணைக்கு முன்னாலேயே. பிள்ளையாருக்கு மோதகம் நேர்ந்திருந்தேன், வெள்ளிக்கிழமை அவிக்க வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நாளை கந்தசட்டி தொடக்கம். இந்த முறை பாலும் பழமும் மட்டும்.

நவம்பர் 18, சனி

சூரன் போர். ஆறாம் நாள். துவக்குகளை விற்கும் ஏலம் நெருங்குவதால் ஏபி அரை நாள் வரச் சொன்னார், போனேன். சாம்பவி காரில் வந்து ஏற்றிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

நான் கடைசித் தாளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிலவறைக்குள் இறங்கி வந்து, ஏபிக்கு வணக்கம் சொல்லி, நடந்து நடந்து பார்த்து, தாங்கியிலிருந்து ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தாள். துவக்கின் வாய் ஏபி நின்ற பக்கம். விரல் விசையில்.

"விரலை எடு. வாயை நிலத்துக்குப் பிடி. பூட்டைத் திற" என்றேன்.

அவள் மூன்றையும் செய்துவிட்டாள். அதற்கு முன் அவள் அந்தப் பூட்டைத் தொட்டதே இல்லை. ஏபியின் கையிலிருந்த தேக்கரண்டி கோப்பைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. எல்லாம் வெறுந் துவக்குகள், ஒன்றிலும் ஒன்றும் இல்லை. நானே பார்த்து வைத்தவை.

நான் போய் வாங்கித் தாங்கியில் வைத்தேன். பக்கத்தில் அந்த இரண்டாந் தரத் துவக்கும் அதன் தாளும். அவள் தாளை எடுத்து வாசித்தாள். டொச் மொழியில் இருந்ததால் நான் தடுக்குமுன் வாசித்து முடித்துவிட்டாள்.

காரில் ஏறினதும் கேட்டாள்.

"நீங்கள் துவக்குக்குப் பொட்டு வைச்சனீங்களோ?"

"ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் வைக்கிறதுதானே."

"அங்கை கம்பியூட்டர் இருக்கு. அதிலையும்தானே வேலை செய்யிறியள். அதுக்கு வைக்கேல்லை. நான் பாத்தனான்."

வாய்க்கால் ஓரம் காரைத் திருப்பினாள்.

"அம்மா, நீங்கள் கத்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

"நான் கத்தேல்லை."

"ஓம். கத்தேல்லை. கத்தாமலே என்ரை கை கேட்டது. அதுதான்."

கோயிலில் சனம். சூரன் மாமரமாக நின்று பிளந்தபோது கூட்டம் தள்ளியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பசியில் தலை சுற்றியது, வேறொன்றுமில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பாரணை. சோறு, கீரை, பருப்பு. மற்றபடி ஒன்றுமில்லை.

நவம்பர் 23, வியாழன்

நேற்று ஏலத்துக்கு முன்பார்வை. அந்தத் துவக்கைப் பார்த்தவர்கள் தாளை வாசித்துவிட்டுக் கீழே வைத்தார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், ஒரு மாட்டு வைத்தியர், கண்ணாடியைக் கழற்றிக் கறையை நெடுநேரம் பார்த்துவிட்டு, இதைச் சுரண்டி எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம், பிறகு அது நாலாந் தரம் என்றார் ஏபி.

பின்னேரம் நான் ஏபியிடம் கேட்டேன். வாங்க வேண்டாம் என்று ஒருவருக்கும் சொன்னதில்லையா?

"அது என் வேலை இல்லை. நான் நிலையை எழுதிக் கொடுக்கிறேன். எடுப்பதும் விடுவதும் அவர்கள். நான் பயமுறுத்தத் தொடங்கினால் அதுவும் ஒரு வகைப் பூச்சுத்தான்."

நவம்பர் 26, ஞாயிறு

விளக்கீடு. பல்கனியில் வரிசையாக ஏற்றினோம். காற்றுக்கு நின்றது சிலதுதான். கீழ்வீட்டு அம்மா வந்து என்ன பெருநாள் என்று கேட்டார். சாம்பவி விளங்கப்படுத்தினாள், நன்றாகவே சொன்னாள்.

நவம்பர் 27, திங்கள்

இன்றும் ஒரு விளக்கு ஏற்றினேன். சாமி அறையில் இல்லை, குசினி ஜன்னலில். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. இவருக்குத் திங்கட்கிழமை ஓய்வு, மேசையில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். சாம்பவி இன்றைக்கு ஓடப் போகவில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

"நேற்றுத்தானே விளக்கீடு."

"ஓம்."

"போன வருசம் விளக்கீடு டிசம்பரில வந்தது. அப்பவும் நீங்கள் இண்டைக்குத்தான் இந்த ஜன்னலில ஏத்தினீங்கள். அதுக்கு முதல் வருசமும். நான் படம் எடுத்து வைச்சிருக்கிறன், திகதி இருக்கு. ஒவ்வொரு வருசமும் இருபத்தேழு." அவளுடைய குரல் இறங்கியது. "இன்டர்நெட்டிலை பாத்தன், இண்டைக்கு என்ன நாளெண்டு. சண்டையில செத்தவைக்கு விளக்கேத்திற நாளாம். ஆருக்கு அம்மா இது?"

இவர் உள்ளி உரிப்பதை நிறுத்தவில்லை. நிமிரவும் இல்லை.

தெரியாது என்று சொல்லலாம். ஊரில் எல்லாரும் ஏற்றினார்கள், நானும் ஏற்றுகிறேன் என்று சொல்லலாம். மினுங்கும் அது, அவளும் நம்பியது போல இருப்பாள்.

"கலைக்கு" என்றேன். "என்னோடை நிண்டவள்."

"எங்கை நிண்டவள்?"

கதிரையை இழுத்து இருந்தேன். சொன்னதெல்லாவற்றையும் இங்கே எழுதமாட்டேன். எழுதக்கூடியதை எழுதுகிறேன்.

"எத்தினை வயசு உங்களுக்கு?"

"பதினேழு."

"பிடிச்சுக்கொண்டு போனவையோ?"

"இல்லை. நானாத்தான் இயக்கத்துக்குப் போனன். பள்ளிக்கூடச் சைக்கிளிலை. சைக்கிளைத்தான் வீட்டை திருப்பி அனுப்பினவை."

"எத்தினை வருசம்?"

"மூண்டும் கொஞ்சமும். கால் காயப்பட்ட பிறகு விட்டவை."

"கிணத்தடி."

"கிணத்தடி இல்லை."

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். சிரிக்கத் தொடங்கி, அது சிரிப்பாக முடியவில்லை. இவர் எழும்பி அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

பிறகு அவள் கேட்கப் போவது எனக்குத் தெரிந்தது.

"அம்மா, நீங்கள் ஆரையாவது..." முடிக்கவில்லை.

"தெரியாது" என்றேன். "சுட்டிருக்கிறன். இருட்டிலை, பத்தையளுக்குள்ளை. ஆருக்குப் பட்டது, பட்டதோ இல்லையோ, தெரியாது. இது மெய்யாத் தெரியாது, பிள்ளை."

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நான் திருப்பவில்லை.

"அப்ப இதுதான் நான் போகப்படாது எண்டதுக்குக் காரணம்."

அவள் சத்தியம் பண்ணியிருக்கிறாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போகமாட்டாள். ஒக்டோபர் எட்டாம் திகதி தொடக்கம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் எல்லாக் கடவுளையும் கும்பிட்டேன்.

"காரணம் இல்லை" என்றேன். "இது நிலை. நான் எழுதிக் குடுத்திட்டன். எடுக்கிறதும் விடுறதும் நீ."

இவர் மூவருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சீனி போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தோம்.

"அப்ப உங்கடை பேர் என்ன? அங்கை வேற பேர் வைக்கிறவை எண்டு வாசிச்சன்."

அதை மட்டும் சொல்லவில்லை. விளக்குக்கு எண்ணெய் விட எழும்பினேன்.

நவம்பர் 28, செவ்வாய்

வேலைக்குப் போனேன். குழாய்கள் பார்த்தேன். கால் வலி பரவாயில்லை.

டிசம்பர் 2, சனி

அந்தத் துவக்கை மாட்டு வைத்தியரே எடுத்தார், இரண்டாந் தர விலைக்கு. தாளை மடிக்காமல் உறையில் வைத்துத் தரச் சொன்னார். கறையைச் சுரண்டுவாரா மாட்டாரா தெரியாது.

டிசம்பர் 5, செவ்வாய்

சாம்பவி விடிய வெளிக்கிட்டாள். திருநீறு பூசினேன், குனிந்து நின்றாள். போகிறாளா இல்லையா என்று இத்தனை நாளும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பையைத் தோளில் போட்டபோதுதான் தெரிந்தது. இவர் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடப் போனார். "அப்பா, எனக்குப் பத்தொன்பது வயசு" என்றாள். விட்டாள், கட்டினார்.

இடியப்பம் மிஞ்சிவிட்டது.

டிசம்பர் 6, புதன்

மழையும் பனியும் கலந்து. வேலைக்கு லீவு எடுத்தேன். அலுமாரிகள் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன்.

பின்னேரம் வந்தாள். மருத்துவப் பிரிவு கிடைத்ததாம். அங்கே ஓர் அதிகாரி, ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டாராம். "என்ன சொன்னனீ?" என்றார் இவர்.

"என்ரை அம்மாவின்ரை காயப்பட்ட காலை அண்டைக்கு ஆரோ ஒரு பிள்ளை கட்டினது. அதாலைதான் நான் இருக்கிறன் எண்டு சொன்னன்."

கட்டினது கலை. விளக்கு ஏற்றிய அன்றைக்கு அதையும் சொல்லியிருந்தேன். அதை எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று இப்போது பார்க்கிறேன்.

"பயிற்சி முடிய துவக்கை வீட்டை கொண்டு வரத் தேவையில்லை அம்மா. அவையின்ரை களஞ்சியத்திலையே விடலாமாம். நான் விடுறன்."

"கொண்டு வந்தால் என்ன, வெறுமையோ எண்டு நான் பாப்பன்தானே" என்றார் இவர். "நீங்களா?" என்றாள். மூவரும் சிரித்தோம். இவருக்கு ஊசி பார்த்தாலே மயக்கம்.

டிசம்பர் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து முடித்தபோது சாம்பவி சாமி அறை வாசலில் நின்றாள். கையில் ஏபியின் துண்டுகள் அளவுக்கு வெட்டிய ஒரு கடதாசி. ஏபி காட்டியிருக்கிறார் போல, நான் இல்லாத நேரம். அதில் தன் பெயர், பிறந்த ஆண்டு, எங்கள் தெரு, வீட்டு இலக்கம். இந்தக் காலத்துத் துவக்கில் அப்படி வைக்க இடமில்லையாம். அடையாள அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப் போகிறாளாம்.

"தொலைஞ்சால் திரும்பி வரோணுமே" என்றாள்.

நான் உள்ளே போய்க் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டினேன். பேனை எடுத்தேன். இயக்கத்தில் வைத்த அந்தப் பெயரை ஒரு நாளும் என் கையால் எழுதியதில்லை. அப்போது எழுத வேண்டி வரவில்லை, பிறகு எழுதக் கூடாதிருந்தது. எழுதினேன். பிறந்த ஆண்டு எழுதினேன். விலாசத்துக்கு ஊரின் பெயரும் எங்கள் ஒழுங்கையும். அந்த வீடு இப்போது இல்லை என்றாலும் அதுதான் சரியான விலாசம். பெயரை இங்கே திருப்பி எழுதவில்லை.

அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். தமிழில் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். இரண்டாம் முறை சத்தமாக வாசித்தாள். அந்தப் பெயரை யாரோ சொல்லி நான் கேட்டு எத்தனையோ காலம். திரும்பிப் பார்க்கத்தான் கழுத்துப் போயிற்று.

உறையைப் பிரித்து இரண்டையும் உள்ளே தள்ளப் பார்த்தாள். என்னுடையது மேலே வந்துவிட்டது.

"என்ரை கீழை இருக்கோணும். ஒழுங்கு மாறப்படாது" என்றேன்.

வெளியே எடுத்து, மாற்றி வைத்து, பெருவிரலால் அழுத்தி மூடினாள்.

"தெரியும்" என்றாள்.